பழைய ஹங்கேரியப் பேசும்படம் ஒன்று: நான்கில் எதை முதலில் பார்ப்பது?

ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். ஹங்கேரிய சினிமா என்று பேச்செடுத்தாலே அறுபதுகளின் இயக்குநர் யாஞ்சோவைச் சொல்கிறார்கள், அப்புறம் நேராகப் பிற்கால இயக்குநர் தார் பேலாவுக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், படம் பேசத் தொடங்கிய காலத்தில் அங்கே என்ன இருந்தது? ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது?

கேட்டவர்களில் ஒருவர் சிறிய திரைப்பட வட்டம் நடத்துகிறவர். ஒரு ஞாயிறு மாலை, இருபது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், அவ்வளவுதான் கையிருப்பு. இன்னொருவர் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க நினைக்கிறார். அம்மாவுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் பிடிக்கும், சப்டைட்டில் பிடிக்காது. மூன்றாமவர் ஒளிப்பதிவு படிக்கும் மாணவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேரை ஏமாற்றியதாகிவிடும். அதனால் நான்கு படங்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னால் சொல்வார்கள். நம் இனிஷியல் முன்னால் நிற்பது போலத்தான். இங்கே அவர்கள் வழக்கப்படியே எழுதுகிறேன். ஆங்கிலப் பட்டியல்களில் தேடும்போது திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் மொழி. இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். தமிழ் சப்டைட்டிலுக்கு வழியில்லை, ஆங்கிலத்தைத்தான் நம்ப வேண்டும். இந்திப் படம் என்றால் பாதி காதில் விழும். பிரெஞ்சுப் படத்தில்கூட ஆங்கிலம் தெரிந்தவருக்கு நாலு சொல் தட்டுப்படும். ஹங்கேரிய மொழி அப்படியில்லை. ஐரோப்பாவின் நடுவில் இருந்தாலும் அதன் உறவு பின்லாந்து, எஸ்தோனியா மொழிகளோடுதான். காதுக்குப் பிடிமானமே கிடைக்காது. அப்பாவை அவர்கள் ‘அபா’ என்பார்கள், அது ஒன்றுதான் நமக்குப் பரிச்சயம் போலக் கேட்கும். அதுவும் தற்செயல்.

இந்த மொழிச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல, அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கே இருந்தது. மௌனப் படம் எந்த ஊருக்கும் போகும். பேசும்படம் வந்ததும், ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் வாழும் ஒரு நாட்டின் படம் அந்த எல்லைக்குள்ளேயே அடைபட்டுவிட்டது. செலவை எப்படி எடுப்பது? 1931க்குப் பிந்தைய ஹங்கேரிய இயக்குநர் ஒவ்வொருவரும் இதற்கு ஏதாவது ஒரு பதில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யார் என்ன பதில் கண்டார் என்பதில்தான் இந்த நான்கு படங்களும் பிரிகின்றன.

இரண்டாவது, பின்னணி. சில படங்களுக்கு அரைப் பக்க வரலாறாவது தெரிந்திருக்க வேண்டும். 1920இல் ஹங்கேரி தன் பழைய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. 1938 முதல் யூதர்களைச் சினிமாவிலிருந்தும் மேடையிலிருந்தும் வெளியேற்றும் சட்டங்கள் வந்தன. இந்த இரண்டும் தெரிந்தால் பல காட்சிகள் வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது, பிரதி. இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகளில் முகமே மாவு பூசிய மாதிரி இருக்கும், ஒலி கரகரக்கும். புதாபெஸ்ட் தேசியத் திரைப்பட ஆவணகம் சீரமைத்த பிரதி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டுப் பழைய படமே இப்படித்தான் என்று முடிவு கட்டியவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

மீதி இரண்டும் எளிது. யாரோடு பார்க்கிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது.

| படம் | ஆண்டு | மொழித் தடை | பின்னணி தேவையா | நீளம் | யாரோடு |
|---|---|---|---|---|---|
| தவஸி ஸாபோர் | 1932 | மிகக் குறைவு | அநேகமாக வேண்டாம் | ஒன்றேகால் மணிக்குள் | யாரோடும், சிறு பிள்ளைகள் தவிர |
| ஹிப்போலித், அ லகாய் | 1931 | மிக அதிகம் | கொஞ்சம் | ஒன்றேகால் மணியை ஒட்டி | சிரிக்கத் தயாராக வரும் கூட்டம் |
| ஹலாலோஷ் தவஸ் | 1939 | நடுத்தரம் | கொஞ்சம் | ஒன்றரை மணிக்கு மேல் | தனியாக |
| எம்பெரெக் அ ஹவஷோன் | 1942 | குறைவு | நிறைய | ஒன்றரை மணியை ஒட்டி | பார்த்தபின் பேச விரும்புகிறவர்கள் |

கதைகளைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முடிவு தெரியக் கூடாது என்கிறவர்கள் அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## தவஸி ஸாபோர்

‘தவஸ்’ என்றால் வசந்தம். ‘ஸாபோர்’ என்பது திடுமெனப் பெய்து ஓய்கிற மழை. ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங் ஷவர்’ என்று போடுகிறார்கள். தமிழில் நாம் ‘ஒரு பாட்டம் மழை’ என்கிறோமே, அதுதான் சரியாகப் பொருந்துகிறது.

இயக்குநர் ஃபெயோஷ் பால் 1897இல் புதாபெஸ்டில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். 1923இல் அமெரிக்கா போய் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அப்புறம் சினிமா. 1928இல் அவர் எடுத்த ‘லோன்சம்’ மௌனப் படங்களில் ஒரு மாணிக்கம். ஆனால் பேசும்பட மோகம் வந்ததும் அந்தப் படத்திலேயே சில பேச்சுக் காட்சிகளைச் சொருகினார்கள். அந்தக் காட்சிகள் வரும்போது, அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த படம் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். பேச்சு ஒரு படத்தை என்ன செய்யும் என்பதை ஃபெயோஷ் தன் படத்திலேயே பார்த்துவிட்டார். நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பி ‘தவஸி ஸாபோர்’ எடுத்தபோது அதே தவறு நடக்க விடவில்லை.

இது பிரெஞ்சுக்காரர்களும் ஹங்கேரியர்களும் சேர்ந்து எடுத்த படம். நாயகி அனபெல்லா பிரெஞ்சுக்காரி. அதற்கு முந்தைய வருடம்தான் ரெனே கிளேரின் ‘லு மில்லியோன்’ படத்தில் பெயர் வாங்கியிருந்தார். ஹங்கேரியக் கிராமத்து வேலைக்காரியாக ஒரு பிரெஞ்சு நடிகை நடிப்பதா என்று கேட்கத் தோன்றும். ஃபெயோஷ் அதைச் சமாளித்த விதத்தில்தான் படத்தின் பலமே இருக்கிறது: அவளைப் பேச விடவில்லை. மரியா ஸபோ என்கிற அந்தப் பெண் படம் முழுக்கப் பேசுவது கைவிரல் மடக்கி எண்ணிவிடலாம் போல இருக்கும். வீட்டைப் பெருக்குகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், பார்க்கிறாள். ஒலி இருக்கிறது, இசையாக, மணியோசையாக, கும்பலின் இரைச்சலாக. சொல் மட்டும்தான் குறைவு.

கதை நமக்குப் புதிதல்ல. வசதியான வீட்டில் வேலை செய்யும் ஏழைப் பெண். ஒரு வசந்த இரவில், பூத்துக் குலுங்கும் மரத்தடியில், அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஒரு இளைஞனிடம் ஏமாறுகிறாள். வயிற்றில் பிள்ளை. வேலை போகிறது, ஊர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நகரத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவது பாலியல் தொழில் நடக்கும் ஒரு வீடு. அங்கே அவள் தரை துடைக்கிறாள். அந்தப் பெண்கள்தான் அவளைத் தாங்குகிறார்கள், பிறந்த குழந்தையைக் கொண்டாடுகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் குழந்தை வளரக் கூடாது என்று அதிகாரிகள் வந்து எடுத்துப் போகிறார்கள். அதற்கப்புறம் மரியாவிடம் மிச்சமில்லை. குடி, பிறகு சாவு.

இதோடு முடிந்திருந்தால் நூற்றுக்கணக்கான கண்ணீர்ப் படங்களில் இதுவும் ஒன்று. ஃபெயோஷ் அவளைச் சொர்க்கத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கேயும் அவளுக்குக் கிடைப்பது பொன்னால் ஆன ஒரு சமையலறையும், கையில் வாளியும். தரை துடைக்கிறாள்! சொர்க்கத்தில்கூட வேலைக்காரிக்கு வேலைதானா என்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருக்கும்போது, கீழே பூமியில் அவள் மகள், இப்போது வளர்ந்த பெண், அதே மாதிரி ஒரு பூத்த மரத்தடியில், அதே மாதிரி ஒருவனோடு நிற்கிறாள். மேலிருந்து மரியா வாளித் தண்ணீரைக் கவிழ்க்கிறாள். பூமியில் ஒரு பாட்டம் மழை. பெண் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிவிடுகிறாள்.

இதை ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் போட்டுக் காட்டினேன். கிடைத்த சப்டைட்டில் வேறு பிரதிக்கானது போலிருக்கிறது, அரை நிமிடம் முந்தி முந்தி ஓடியது. எரிச்சலில் அணைத்துவிட்டேன். பாத்திரம் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசற்படியில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மழைக் காட்சி வந்ததும், “பெத்தவ செத்தும் காவல் காக்கறா பாரு” என்றார். ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று அவரைக் கேட்டால் தெரியாது. அன்றிலிருந்து சப்டைட்டில் போட வேண்டுமா என்ற கேள்வியையே நான் கேட்டுக்கொள்வதில்லை.

ஒளிப்பதிவு மாணவருக்கு இங்கே தனியாக ஒரு காரணம் உண்டு. இருவர் கேமரா பிடித்திருக்கிறார்கள். ஒருவர் ஹாலிவுட் இயக்குநர் டிமில்லின் படங்களில் வேலை செய்த அமெரிக்கர் பெவரல் மார்லி. இன்னொருவர் ஐபென் இஷ்த்வான். அதே ஐபென்தான் முந்தைய வருடம் ‘ஹிப்போலித்’ படத்தையும் பிடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே கை, ஒரு வருட இடைவெளி. அங்கே மைக்கைச் சுற்றியே கேமரா அடங்கி நிற்கும், இங்கே கிராமத்தின் மேல் மிதந்து போகும்.

மறைந்திருக்கும் செலவுகள் இல்லாமல் இல்லை. முதலாவது, அந்தக் கிராமம் கொஞ்சம் அதிகமாகவே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட கிராமம். பூவேலைப் பாவாடைகளும் ஊர்வலங்களும் வெளிநாட்டுக்காரர் கண்ணுக்காகப் பரப்பிவைத்தது போல ஒரு உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. (ஃபெயோஷ் பின்னால் சினிமாவை விட்டுவிட்டு மடகாஸ்கர் முதலான இடங்களில் இனவரைவியல் படங்கள் எடுத்தார், நியூயார்க்கில் மானுடவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் ஓர் அறக்கட்டளையின் தலைவரானார். அந்தப் பார்வை இங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.) இரண்டாவது, நகரத்து வீட்டுக் காட்சிகள். ஆபாசமாக ஒன்றும் இல்லை, ஆனால் எட்டு வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மூன்றாவது, மரியாவின் பரம பணிவு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்ணைப் பார்த்து இன்றைய பார்வையாளர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்துக்கான பதில் அந்த வாளியில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே படம் முடிந்தபின் ஒரு மணி நேரம் பேசலாம்.

## ஹிப்போலித், அ லகாய்

தமிழில் ‘பட்லர் ஹிப்போலித்’ என்று சொல்லலாம். கண்டிப்பாகச் சொன்னால் மற்ற மூன்றையும் போல இது சோகக் கதையல்ல, நகைச்சுவை. பிறகு ஏன் பட்டியலில்? ஹங்கேரியர்களிடம் பழைய படம் ஒன்று சொல்லுங்கள் என்றால் பலர் வாயிலும் முதலில் வருவது இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஹங்கேரியின் முதல் பேசும்படம் 1931 செப்டம்பரில் வந்த ‘அ கேக் பால்வான்’. அது எடுபடவில்லை. அதே ஆண்டு நவம்பர் 27இல் வந்த ‘ஹிப்போலித்’தான் மக்களைக் கொட்டகைக்கு இழுத்தது. இயக்கம் ஸேகெய் இஷ்த்வான். ஸாகோன் இஷ்த்வானின் நாடகத்தைத் திரைக்கு எழுதியவர் கபரே மேடைகளுக்குத் துணுக்கு எழுதிப் பழகிய நோதி காரோய்.

ஷ்னைடர் என்று ஒரு போக்குவரத்து வியாபாரி. உழைத்துச் சம்பாதித்தவர், வெங்காயம் சாப்பிடப் பிடிக்கும், கழுத்தை இறுக்கும் காலர் பிடிக்காது. அவர் மனைவிக்குத் திடீரென மேட்டுக்குடி ஆசை வருகிறது. ஒரு பிரபுவின் மாளிகையில் 27 வருடம் வேலை பார்த்த ஹிப்போலித்தை வீட்டுக்குப் பட்லராக வைக்கிறாள். அன்றிலிருந்து முதலாளி வேலைக்காரனுக்குப் பயந்து வாழ வேண்டியதாகிறது. சொந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஷ்னைடராகக் கபோஷ் ட்யூலா, ஹிப்போலித்தாகச் சொர்தோஷ் ட்யூலா. ஒருவர் தடுமாறிக் குழறியே சிரிக்க வைப்பவர், இன்னொருவர் புருவத்தைக்கூட அசைக்காமல்.

மொழிச் சிக்கலுக்கு இந்தப் படம் கண்ட பதில் நேர் எதிரானது: பேசு, இன்னும் பேசு, அதோடு ஜெர்மனிலும் ஒரு தடவை எடு. ஹூன்னியா ஸ்டுடியோவில் ஹங்கேரியப் படம் எடுத்த கையோடு ஜெர்மன் பதிப்பையும் எடுத்தார்கள். ஜெர்மன் பேசும் சந்தை பெரிது, போட்ட பணம் திரும்பும்.

நமக்குச் செலவு இங்கேதான். சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. யார் யாரை எந்த மரியாதைச் சொல்லால் அழைக்கிறார், பட்லர் ‘ஐயா’ என்று சொல்லும்போது அதில் எவ்வளவு இளக்காரம், கபோஷ் எந்த எழுத்தில் திக்குகிறார் என்பதில். நீங்கள், நீ, தாங்கள் என்று பிரித்துப் பேசும் தமிழருக்கு அந்த நுணுக்கம் சட்டென்று புரியக்கூடியதுதான். ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கில சப்டைட்டில் எல்லாவற்றையும் ஒரே ‘யூ’வாகச் சப்பையாக்கிவிடும். ஆறு நண்பர்களோடு பார்த்தபோது எழுத்தைப் படித்து முடித்து நாங்கள் சிரிப்பதற்குள் கபோஷ் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

ஆனாலும் இதுவே சரியான தேர்வாகும் சமயம் உண்டு. கூட்டத்தில் ஹங்கேரிய மொழியோ ஜெர்மனோ தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், அவர் முன்கூட்டிச் சிரிப்பதே மற்றவர்களுக்கு வழிகாட்டும். அல்லது, ஒரு நாடு எதைப் பார்த்துச் சிரித்தது என்பதில் உங்களுக்கு ஆர்வம் இருக்க வேண்டும். நிலத்தை இழந்து, பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்த பிரபுக்களின் காலம் அது. கையில் காசும் வாயில் வெங்காய வாடையுமாக ஒரு வியாபாரி அவர்களுடைய மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படும் அவஸ்தைக்கு அன்று நிறையப் பொருள் இருந்திருக்கும்.

படத்துக்கு வெளியே இன்னொரு பாரமும் இருக்கிறது. யூதச் சட்டங்கள் வந்தபின் கபோஷுக்கு நடிக்க இடமில்லாமல் போயிற்று. 1939இல் அமெரிக்கா போனார், 1941இல் நியூயார்க்கில் இறந்தார். ஸேகெய்யும் 1938இல் கிளம்பி ஹாலிவுட்டில் வேறு பெயரோடு வேலை செய்தார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது, சொந்த வீட்டிலேயே சாப்பிடத் தடை போடப்பட்ட அந்த மனிதரைப் பார்த்து முன்போலச் சிரிக்க எனக்கு வரவில்லை.

## ஹலாலோஷ் தவஸ்

இதுவும் வசந்தம்தான், ஆனால் ‘உயிர் குடிக்கும் வசந்தம்’. ஹங்கேரியர்களுக்கு வசந்தத்தின் மேல் என்ன கோபமோ.

1939இல் கல்மார் லாஸ்லோ இயக்கியது, ஸிலஹி லயோஷின் நாவல். காதலித்தவள் இன்னொருவனை மணக்க, காதலன் தன்னை அழித்துக்கொள்ளும் கதை. இதைப் பார்க்க ஒரே காரணம் போதும்: கராடி கடலின். அவருடைய முதல் படம். ஆழமான, கிட்டத்தட்ட ஆண் குரல் போன்ற குரலில் பாடுவார். அவர் திரையில் வந்ததும் ‘ஹிப்போலித்’தில் துறுதுறுப்பாக இருந்த யாவோர் பால்கூட அடங்கிப்போய்விடுகிறார்.

மற்றபடி படம் எனக்குக் கனமாகவே இருக்கிறது. வரவேற்பறைகள், பெருமூச்சுகள், ஜன்னலோரம். வசனம் அதிகம் என்றாலும் உணர்ச்சி முகத்திலேயே எழுதியிருப்பதால் மொழி அவ்வளவு தடுக்காது. முதல் படமாகப் பார்த்தால் ஹங்கேரிய சினிமா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வேறொரு நாட்டின் நட்சத்திர மோகம் எப்படி இருந்தது என்று அறிய ஆசையா, தாராளமாகப் பாருங்கள். கராடியின் வாழ்க்கை படத்தைவிடப் பெரிது. போர்க்காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார், 1944இல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது, 1951இல் நாட்டைவிட்டுப் போனார், 1990இல் நியூயார்க்கில் இறந்தார்.

தற்கொலை மையமாக உள்ள கதை. அந்த விஷயம் வீட்டில் யாருக்காவது ரணமாக இருந்தால் இதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

## எம்பெரெக் அ ஹவஷோன்

‘பனிமலை மனிதர்கள்’. 1942 என்பதால் ‘ஆரம்பகாலப் பேசும்படம்’ என்ற வேலிக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஆனால் ஃபெயோஷ் போட்ட விதை எங்கே முளைத்தது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

ஸோச் இஷ்த்வான் டிரான்சில்வேனிய மலைகளுக்குப் போய், மரவெட்டிகளின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே, பெரும்பகுதி திறந்தவெளியில் எடுத்தார். கொர்பெ யானோஷும் ஸெல்லாய் அலிஸும் மலையில் குடிசை போட்டு வாழும் இளம் தம்பதி. காடு கம்பெனியின் கைக்குப் போகிறது, மேற்பார்வையாளனின் கண் மனைவி மேல் விழுகிறது. அவள் நோயில் விழ, டாக்டரைத் தேடிக் கணவன் நகரத்துக்குக் கூட்டிப் போகிறான். அங்கே அவள் இறந்துவிடுகிறாள். இறந்தவளை உயிரோடு இருப்பவள் போலப் பக்கத்தில் உட்காரவைத்து ரயிலில் ஊருக்குத் திரும்பும் காட்சி ஒன்று இருக்கிறது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்தக் காட்சியில் சத்தம் போட்டு அழுகிறவர் யாரும் கிடையாது, அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருடமே வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. ஏழைகளின் அன்றாட வாழ்க்கையை ஸ்டுடியோவுக்கு வெளியே போய் எடுத்த இத்தாலிய நியோ ரியலிசத்துக்கு முன்னோடி என்று இதைக் குறிப்பிடுகிறவர்கள் உண்டு. முன்னோடியோ இல்லையோ, பனியும் மரமும் மனித முகமும் ஒரே பொருளால் செய்தவை போலத் தெரிவதைப் பார்த்தால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கும்.

இதன் மறைமுகச் செலவு நான்கிலும் பெரியது. வடக்கு டிரான்சில்வேனியாவை ருமேனியாவிடமிருந்து எடுத்து ஹங்கேரிக்குக் கொடுத்தது 1940இல் ஹிட்லரும் முசோலினியும் செய்த ஏற்பாடு. அந்த மண்ணில் உடனே போய் எடுத்த படம் இது. வெனிஸ் விழாவும் அன்று பாசிச இத்தாலியின் விழா. கதைகளை எழுதிய ஞீரோ யோஷெஃப் பின்னாளில் தீவிர வலதுசாரிகளோடு நின்றவர். படத்துக்குள் இதெல்லாம் கோஷமாக ஒலிப்பதில்லை, ஏழைகளின் பக்கம்தான் அது நிற்கிறது. ஆனாலும், திரைப்பட வட்டத்தில் போடுவதென்றால் பத்து நிமிட முன்னுரை இல்லாமல் போடாதீர்கள். யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஸோச் என்ற மனிதர் எந்த அரசுக்கும் செல்லப்பிள்ளையாக இருந்ததில்லை என்பதையும் அப்போது சொல்லலாம். போருக்குப் பின் அவர் எடுத்த அடுத்த படத்தைப் புதிய ஆட்சி தடை செய்தது.

## அப்படியென்றால் எது?

அம்மாவோடு பார்க்க நினைக்கிறவருக்கு யோசனையே வேண்டாம், ‘தவஸி ஸாபோர்’. எழுத்துப் படிக்க வேண்டாம், ஒன்றேகால் மணிக்குள் முடிந்துவிடும், அம்மாக்கள் சொல்வதற்கு அதில் ஏதாவது இருக்கும்.

திரைப்பட வட்டத்துக்கும் அதையேதான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் கூட்டம் ஏற்கனவே மௌனப் படங்கள் பார்த்துப் பழகியது என்றால் அது அவர்களுக்குப் புது அதிர்ச்சி எதையும் தராது. அப்போது முன்னுரை தயாரித்துக்கொண்டு ‘எம்பெரெக் அ ஹவஷோன்’ போடுங்கள். ‘ஹிப்போலித்’தை இரண்டாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சிரிப்புப் படம்தானே, கூட்டம் சேரும் என்று அதில் தொடங்கினால், வாசித்து முடிப்பதற்குள் நகைச்சுவை கடந்துபோய் அறை அமைதியாக இருக்கும். நடத்துகிறவருக்கு அதைவிடச் சங்கடம் கிடையாது.

ஒளிப்பதிவு மாணவர் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ‘ஹிப்போலித்’தின் முதல் இருபது நிமிடத்தையும் ‘தவஸி ஸாபோர்’ முழுவதையும் ஒரே நாளில் பாருங்கள், ஐபென் விஷயத்துக்காக. பேச்சு குறையும்போது கேமராவுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

ஃபெயோஷின் அடுத்த ஹங்கேரியப் படம் ‘ஈதேல் அ பலதோன்’ பற்றிச் சிலர் கேட்பார்கள். பலதோன் ஏரி மீனவர் கதை. புயல் காட்சிகள் அருமை, மற்றது சுமார். முதலாவது பிடித்தபின் பார்க்கலாம்.

மீதி ஒரு குழப்பம் இருக்கிறது. ‘தவஸி ஸாபோர்’ தேடும்போது ‘மரீ, லெஜாந்த் ஓங்க்ருவாஸ்’ என்ற பெயரிலும் ஒன்று தட்டுப்படும். அது பிரெஞ்சுப் பதிப்பு. இரண்டில் எது? பேச்சு இவ்வளவு குறைந்த படத்தில் பதிப்பு மாறினால் என்ன என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்தக் கொஞ்சப் பேச்சில் பெரும்பகுதி மரியாவுடையதல்ல, ஊர்க்காரர்களுடையது. அவர்கள் முணுமுணுப்பும் ஏச்சும். அது அந்த ஊர் மொழியிலேயே விழுவதுதான் நல்லது, நமக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும். ஹங்கேரியப் பதிப்பைப் போடுங்கள். சப்டைட்டில் பொருந்தாமல் ஓடினால் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், அணைத்துவிடுங்கள்.